நிறமி மாத்திரை வாங்குவதற்கு முன் லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேரட்டின் ஆரஞ்சு, தக்காளியின் சிவப்பு, செண்டுமல்லியின் மஞ்சள் எல்லாமே இப்போது கேப்சூலில் கிடைக்கின்றன. செடியிலிருந்து வந்ததுதானே, என்ன கெட்டுவிடப் போகிறது என்ற நினைப்பில்தான் பலரும் வாங்குகிறார்கள். எந்த நிறமி, எத்தனை மில்லிகிராம், சாப்பிடுகிறவர் யார் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் வாங்குவது வீண் செலவு. சில நேரம் ஆபத்தும்கூட.

கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினையே எடுத்துக்கொள்வோம். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கவனித்து, அந்த நிறமியை மட்டும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில் தினமும் 20 மி.கி. கொடுக்கப்பட்டது. 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 30 மி.கி. பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். ஆகவே புகைபிடிக்கிறவர்களும், முன்பு பிடித்து நிறுத்தியவர்களும் இந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது. மல்டிவைட்டமினுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும், பாருங்கள். கேரட் சாப்பிடத் தடையில்லை.

ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது செண்டுமல்லியின் மஞ்சள் நிறமியான லூட்டின்தான், அதுவும் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும். வயது காரணமாக விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோய் நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்குக் கண் மருத்துவர்கள் தரும் கலவையில் லூட்டின் 10 மி.கி., அதே வகை நிறமியான ஸியாஸாந்தின் 2 மி.கி., கூடவே வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் இருக்கும். 2013-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, இந்தக் கலவையில் பீட்டா கரோட்டின் இருந்த இடத்துக்கு லூட்டினும் ஸியாஸாந்தினும் வந்தன. நோய் முற்றுவதை இந்தக் கலவை தள்ளிப்போடும். நல்ல கண்ணில் நோய் வராமல் தடுக்காது, கண்ணாடியின் பவரைக் குறைக்காது, கண்புரையைக் கரைக்காது. கணினிக் கண்சோர்வுக்கு என்று விற்பதெல்லாம் என் பார்வையில் வெறும் வியாபாரம்.

லேபிளில் ஒரு தந்திரம் உண்டு. முன்பக்கம் ‘செண்டுமல்லிச் சாரம் 100 மி.கி.’ என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் ‘லூட்டின் 5%’ என்று பொடி எழுத்தில். கணக்குப் போட்டால் கிடைப்பது 5 மி.கி. சதவீதமே போடாத டப்பாவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லூட்டின், தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீன், பீட்டா கரோட்டின் எல்லாம் கொழுப்பில் கரைபவை. வெறும் வயிற்றில் காப்பியோடு விழுங்கினால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். தக்காளியை எண்ணெயில் வதக்கினாலே லைக்கோபீன் நன்றாக உடலில் சேரும், அதற்கு மாத்திரை எதற்கு?

அடுத்தது மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின். மஞ்சள்தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். 3 கிராம் தூளில் 90 மி.கி. 95 சதவீதச் சாரம் உள்ள 500 மி.கி. கேப்சூல் ஒன்றில் 475 மி.கி. சமையலில் போடும் மஞ்சளை வைத்து இதை எடைபோடக் கூடாது. தனியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு என்பதால் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கானது. சிக்கலும் அங்கேதான். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பைப்பரின் மட்டுப்படுத்துவதால், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பச்சையம் என்று விற்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் இருப்பது பச்சையத்திலிருந்து தயாரித்த, தாமிரம் சேர்த்த குளோரோஃபிலின். மலம் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம். பீட்ரூட் ரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பது உண்மை, ஆனால் அந்த வேலையைச் செய்வது அதிலுள்ள நைட்ரேட். சிவப்பு நிறமிக்கு அந்தப் பெருமையைக் கொடுத்து விற்கிறார்கள்.

கரோட்டின் அதிகமானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகும், கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகிவிடும். கண்ணும் மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, பசியும் போனால் அது வேறு. குர்குமின் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.