சங்கம் கட்டுற ஆளுக்கு பஸ் காசு யாரு குடுப்பா?

திருவிழா வந்தா ஊர்ல தலைக்கட்டு வரி வாங்குவாங்கல்ல, வீட்டுக்கு இவ்ளோன்னு. எங்க பக்கம் ரொம்ப வருஷமா காலனிக்காரங்ககிட்ட அந்த வரிய வாங்கவே மாட்டாங்க. சின்ன வயசுல நான் அத ஏதோ சலுகைன்னு நெனச்சிட்டிருந்தேன், இல்லாதவங்க, அதான் விட்டுடறாங்கன்னு. பெரியவனானப்புறம்தான் வெளங்குச்சு. வரி வாங்கிட்டா அவங்களும் கோயிலுக்கு பாத்தியப்பட்டவங்க ஆயிடுவாங்க, எங்க தெருவுக்கு ஏன் தேர் வரலன்னு கேப்பாங்க. காசு வாங்காம இருக்கறதே ஒதுக்கறதுதான்.

கிராமத்துல பல சாதி ஆளுங்களையும் ஒண்ணா உக்கார வச்சு கூலிக்கும் ரேஷனுக்கும் நிலத்துக்கும் போராடற சங்கங்களுக்கு காசு எங்கேருந்து வரணும்னு யோசிக்கறப்ப எல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும்.

ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்னு ஒரு அமைப்பு, சுருக்கமா எம்.கே.எஸ்.எஸ். ஐஏஎஸ் வேலைய 1975ல ராஜினாமா பண்ண அருணா ராய் (இவங்க பிறந்தது நம்ம சென்னையிலதான்), நிகில் தே, சங்கர் சிங் எல்லாம் 1987ல தேவ்துங்ரிங்கற சின்ன ஊர்ல ஒரு மண்வீட்ல போய் தங்கினாங்க. சங்கம் ஆரம்பிச்சது 1990 மே 1. ராவத்துங்க, தலித்துங்க, இன்னும் பல சாதிக்காரங்க சேர்ந்து வாழ்ற வறண்ட பூமி அது, பஞ்ச நிவாரண வேலைக்குப் போனா குறைஞ்சபட்ச கூலி கூட முழுசா கைக்கு வராது. அவங்க ஆரம்பத்துலயே ஒரு முடிவு எடுத்துட்டாங்க, வெளிநாட்டு காசு வேணாம், அரசாங்க காசு வேணாம், எந்த நிறுவனத்தோட கிராண்டும் வேணாம், தனி மனுசங்க குடுக்கறது மட்டும் போதும்னு. முழுநேரமா வேலை பாக்கறவங்களுக்கு சம்பளம் கூலித் தொழிலாளிக்கு உண்டான குறைஞ்சபட்ச கூலி அளவுதான்.

1994 டிசம்பர்ல கோட் கிரானாங்கற ஊர்ல முதல் மக்கள் விசாரணை. மஸ்டர் ரோல, அதாவது யார் வேலைக்கு வந்தாங்க, எவ்ளோ கூலின்னு எழுதற அரசாங்கப் பதிவேட, சத்தமா வாசிச்சாங்க, வேலைக்கே போகாதவங்க பேர்ல எல்லாம் கூலி எழுதியிருந்தது ஊர் முன்னாடி வெளிய வந்துச்சு. அப்புறம் இந்த மாதிரி அரசாங்கக் கணக்கோட நகல மக்களுக்குக் குடுக்கணும்னு கேட்டு 1996 ஏப்ரல்ல பியாவர் டவுன்ல 40 நாள் தர்ணா. அந்த 40 நாளும் சோறு போட்டது எந்த ஃபவுண்டேஷனும் இல்ல, கிராமங்கள்லேருந்து கோதுமை வந்துச்சு, டவுன்ல காய்கறி விக்கிறவங்க காய் குடுத்தாங்க, போறவங்க வர்றவங்க கையில இருந்தத போட்டாங்க. 2005ல வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு (ஆர்டிஐ) வேர் அங்கதான் இருக்கு. எங்க பணம் எங்க கணக்குன்னு அரசாங்கத்தப் பார்த்து கேட்டவங்க, தங்களோட கணக்கையும் அதே மாதிரி ஊர் முன்னாடி வச்சாங்க. வீட்லேருந்து தானியம் குடுத்தவன் அந்த சங்கத்துல பாத்தியப்பட்டவன் ஆயிட்டான், அவன் எந்தத் தெருக்காரனா இருந்தாலும்.

ஆனா இதச் சொல்லி “பாத்தீங்களா, காசே இல்லாம பண்ணலாம்”னு சிலர் பேசறப்ப எனக்கு கோவம் வரும். காசு குடுக்க அருணா ராய்க்கு நண்பர்கள் இருந்தாங்க. விழுப்புரம் பக்கம் ஒரு தலித் பொண்ணு விவசாயக் கூலிங்கள சேர்த்து சங்கம் ஆரம்பிச்சா அவளுக்கு யார் இருக்கா? அவ கூட படிச்சவங்களே பாதி பேர் கூலிக்குப் போறவங்க.

சட்டப்படி வர்ற காசும் இவங்ககிட்ட வர்றதில்ல. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிங்க மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சிஎஸ்ஆருக்கு, அதாவது சமூக நலப் பணிக்கு, செலவு பண்ணணும். அதுல பள்ளிக்கூட கழிப்பறை வரும், ஆர்ஓ வாட்டர் பிளாண்ட் வரும், கம்பெனி பேர் போட்ட போர்டு வரும். அந்த ஊர்ல கூலி ஏன் கம்மின்னு கேக்கற ஆளுக்கு அதுலேருந்து வந்து நான் பார்த்ததில்ல. வெளிநாட்டு நிதிச் சட்டத்துல 2020ல கொண்டு வந்த திருத்தத்துல, காசு வாங்கற அமைப்பு அத இன்னொரு அமைப்புக்கு மாத்திக் குடுக்கவே கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்துலேருந்து 20ஆ குறைச்சாங்க. டவுன்ல இருக்கற பெரிய அமைப்பு வழியா கிராமத்துக் குழுவுக்கு போயிட்டிருந்த கொஞ்ச நஞ்சமும் அதோட நின்னு போச்சு.

நான் ரெண்டு வருஷம் ஒரு ட்ரஸ்ட்ல வேலை பார்த்தேன், பேர் வேணாம். அங்க ஒரு அக்கா, ஸ்கூட்டில ஊர் ஊரா போவாங்க. ஒரு ஊர்ல மேலத்தெரு பொம்பளைங்களும் காலனி பொம்பளைங்களும் ஒரே திண்ணையில உக்கார அவங்களுக்கு பதினாலு மாசம் ஆச்சு. முதல் ஆறு மாசம் யாரும் வாயத் திறந்து பேசல, தண்ணி குடுத்தா கூட ஒருத்தருக்கு ஒருத்தர் வாங்கிக் குடிக்கல. அப்புறம் நூறு நாள் வேலை சம்பள பாக்கிக்காக ரெண்டு தெருவும் சேர்ந்து பிடிஓ ஆபீஸ் போச்சு, நானும் கூடப் போனேன், அந்த நாள என்னால மறக்க முடியாது. பதினெட்டாவது மாசம் ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சு. எத்தனை பேருக்கு ட்ரெய்னிங், எத்தனை போட்டோன்னு கேட்டாங்க, பெட்ரோல் காசு நின்னுச்சு, அக்கா ஈரோட்டுக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போயிட்டாங்க. அடுத்த தீபாவளிக்குள்ள அந்தத் திண்ணை பழையபடி ஆயிடுச்சு.

பதினாலு மாசம் ஒரு மனுசி அலைஞ்சு அலைஞ்சு சேர்த்தது, மாசம் சில ஆயிரம் ரூபா இல்லாம போச்சு.

அதனால நான் சொல்றது இதுதான். சங்கத்தோட சந்தாவ ஊர் குடுக்கட்டும், பத்து ரூபாயா இருந்தாலும் எல்லா தெருவும் குடுக்கட்டும், அது அவங்க பாத்தியத. ஆனா முழுநேரமா அலையற ஆளோட சாப்பாடு, பெட்ரோல், புள்ள ஸ்கூல் ஃபீஸ், இத கிராமத்தவிட்டு வந்து சம்பளக்காரனா ஆன நாம குடுக்கணும், ப்ராஜெக்ட்டுன்னு இல்லாம, ரிப்போர்ட் கேக்காம, அஞ்சு வருஷம் பத்து வருஷம்னு. உண்டி குலுக்கறாங்கன்னு கேலி பேசறோமே, அந்த உண்டியல் இல்லன்னா எத்தனையோ ஊர்ல கூலி உயர்வு கேஸே நடந்திருக்காது.

நான் இப்ப ஒரு சங்கத்துக்கு மாசம் 1000 ரூபா அனுப்பறேன், நாலு வருஷமா. ஒவ்வொரு மாசமும் கணக்கு வாட்ஸப்ல வரும், கூட்டத்துல வாசிச்ச அதே தாள போட்டோ எடுத்து அனுப்புவாங்க. போன மாசம் ஜெராக்ஸ் 140, பஸ் 860, ஆர்டிஐ மனுவுக்கு கோர்ட் ஸ்டாம்ப் 60, டீ 210. கீழ பேனாவால ஒரு வரி, புதுசா ரெண்டு ஊர் கூப்பிடறாங்க, போக காசு பத்தலன்னு. மாசா மாசம் குடுக்க முடிஞ்சவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அவங்க நம்பர் தர்றேன், நேர்லயே பேசிக்கலாம்.