பின்பெஞ்சு மரங்கள்

ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். புதன்கிழமை வரை இருந்தும் காட்டினேன். அதற்குள் அந்தப் பிரசங்க வீடியோவை ஏழு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் மூன்று பேர் கைதட்டும் படத்தோடு. எந்தச் சேகரத்துச் சபை, பேசியவர் யார் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

'கனிதரும் குடும்பம்' என்று ஒரு கேடயம். தங்க நிறம், நடுவில் திராட்சைக் கொத்து, பார்க்க நன்றாகவே இருந்தது. எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதை மைக்கில் வாசித்தார்கள். பண்டிகைக் காணிக்கை இவ்வளவு. காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் எடுத்தது இவ்வளவு. இந்த வருஷம் சபைக்கு அழைத்து வந்த புதிய ஆத்துமாக்கள் இத்தனை. பிள்ளைகள் நால்வர், பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். கடைசி இரண்டும் எப்போதிலிருந்து சாதனைப் பட்டியலில் சேர்ந்தன என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிறப்புச் செய்தியாளராகப் பிரசங்கிக்க வந்தவர் எழுந்து அந்தப் பொன்மொழியை உதிர்த்தார். "சில மரங்கள் முப்பது வருஷமாய் இந்த ஆலயத்தில் நிற்கின்றன. இலை உண்டு, கனி இல்லை. பின்பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள்."

பாதிச் சபை திரும்பிப் பார்த்தது.

பின்பெஞ்சில் என் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்து நான்கு. முழங்கால் வலி. ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து உட்கார நேரமாகும், முன்னால் இருந்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று தாமாகவே பின்னால் போனவர். அவருக்குப் பிள்ளை இல்லை. வீடியோவில் இதெல்லாம் விழவில்லை. கேமரா மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கனியை எண்ண முடியாது. கேடயம் கொடுக்க வேண்டுமானால் எதையாவது எண்ணித்தான் ஆகவேண்டும். ஆகவே நீங்கள் எண்ணியது எதுவாக இருந்தாலும் அது கனி இல்லை.

கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய பகுதிதான். "மாம்சத்தின் கிரியைகள்" என்று பன்மையில் ஒரு நீண்ட பட்டியல். பகைகள், விரோதங்கள், சண்டைகள், பிரிவினைகள், பெரும்பாலானவற்றுக்கு 'கள்' உண்டு. அப்புறம் "ஆவியின் கனியோ" என்று ஒருமைக்கு மாறிவிடுகிறது. அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதும் சேர்ந்து ஒரே கனி. கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். எண்ணக்கூடியவை எல்லாம் மாம்சத்தின் பக்கம் நிற்கின்றன என்று சொன்னால் குதர்க்கம் என்பீர்கள். சரி, குதர்க்கமாகவே இருக்கட்டும். இந்த ஒன்பதில் எதற்கு ரசீது போட்டீர்கள்? சாந்தத்தை எத்தனை ரூபாய்க்கு ஏலம் விட்டீர்கள்? இச்சையடக்கத்தில் இரண்டாம் பரிசு யாருக்கு?

ஏலத்தை நான் குறை சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏலம் இல்லாத அறுப்பின் பண்டிகை எனக்குப் பண்டிகையே இல்லை. ஒரு நாட்டுக்கோழி முட்டை நூறு ரூபாய்க்குப் போகும்; எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுப்பார்; மறுபடி இருநூறுக்குப் போகும். வாழைத்தார், பனங்கிழங்குக் கட்டு, முருங்கைக்காய், கட்டிவைத்த சேவல் என்று அந்த வேடிக்கை எனக்கு உயிர். போன வருஷம் ஒரு பலாப்பழத்துக்காக அண்ணாச்சி ஒருவரோடு போட்டி போட்டு, வீட்டுக்கு வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அது நிலத்தின் கனி. அதற்கு விலை உண்டு, எடை உண்டு. அதையும் இதையும் ஒரே தராசில் போட்டதுதான் தகராறு.

மரம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மரத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் தாத்தா செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் பனையேறியாக இருந்தவர். பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு. பெண்பனைதான் காய்க்கும். ஆண்பனையில் பாளை வரும். நுங்கும் கிடையாது, பழமும் கிடையாது. ஏழெட்டு வயதில் நான் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன், காய்க்காத மரத்தை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று. தாத்தா சிரித்தார். "உன் பள்ளிக்கூடச் சம்பளம் அதில்தான் வடிகிறது" என்றார்.

ஆண்பனைப் பாளையிலிருந்து பதநீர் சும்மா வடியாது. பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மரமேறி, அதன் நுனியை மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து வடிவது நின்றுபோகும். "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்று யோவான் பதினைந்தில் வருகிறதே, அந்த வசனத்தை எந்தப் பிரசங்கியும் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. தாத்தாவின் அருவாப்பெட்டி விளக்கிவிட்டது. அதிகம் கொடுக்கிற மரம்தான் தினம் இரண்டு வேளை அரிவாள் வாங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதும் அங்கே கற்றதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் யாரோ சுண்ணாம்பு தடவ மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று நம் ஊரில் சொல்வார்கள். முப்பது வருஷம் கனி இல்லை என்று கணக்குச் சொல்கிறவர் இடையன்குடிக்கு ஒருமுறை போய்வரட்டும். மிஷனெரி கால்டுவெல் ஐயர் 1841இல் அங்கே வந்தார். 1847இல் கோவில் வேலை தொடங்கியது. பிரதிஷ்டை நடந்தது 1880இல். முப்பத்து மூன்று வருஷம்! நடுவில் எந்த வருஷம் போய்ப் பார்த்திருந்தாலும் முடியாத சுவர்தான் தெரிந்திருக்கும்.

இனி என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஆத்துமாக்களும் கனிதானே, பவுல் ரோமருக்கு எழுதும்போது அந்தப் பொருளில் சொல்லவில்லையா என்று முதலில் வருவார்கள். சொல்லியிருக்கிறார். மறுக்கவில்லை. கணக்கு வைப்பதும் நமக்குப் புதிதல்ல. 1780இல் பாளையங்கோட்டையில் எழுதிய முதல் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். ஆட்களை எண்ணுங்கள், பதிவேடு வையுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தப் பதிவேட்டில் இருந்த குளோரிந்தா அம்மாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார் என்பதற்காக ஞானஸ்நானம் மறுக்கப்பட்டுக் காத்திருந்தவர். 1778இல்தான் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்தார். ஏழு வருஷம் கழித்து, 1785இல், அந்த அம்மாள் கட்டிய கோவில் பிரதிஷ்டையானது. இன்றும் பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றால் வழி சொல்வார்கள். நம் செய்தியாளர் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவரை எந்தப் பெஞ்சில் உட்காரவைத்திருப்பார்? இன்னொன்று. அதே பவுல்தான் "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்றும் எழுதினார். கேடயத்தை யார் கையில் கொடுப்பீர்கள்?

ஊக்கப்படுத்தத்தானே செய்தோம் என்பார்கள். யாரை?

அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்று ஒருவர் ஏற்கெனவே எனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறார். ஐயா, நான் யாரையும் தொடவில்லை. பின்பெஞ்சைத் தொட்டது யார் என்று மட்டும் கேட்கிறேன். இலை மட்டும் இருந்ததால் இயேசு சபித்த அத்திமரத்தை நினைவில் வைத்திருந்தவருக்கு லூக்கா பதின்மூன்றில் இருக்கிற அத்திமரம் ஏன் மறந்தது? "வெட்டிப்போடு" என்கிற எஜமான் மட்டுமா அந்த உவமையில் இருக்கிறார்? "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும், நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்" என்று கெஞ்சுகிற தோட்டக்காரன் எங்கே போனான்? வெட்டச் சொல்ல ஆள் இருக்கிறது. எருக்கூடை சுமக்கத்தான் ஆளைக் காணவில்லை.

காணிக்கை கொடுக்காதவனுக்குப் பொறாமை என்றும் ஒரு பேச்சு காதில் விழுந்தது. சபை உறுப்பினராகக் கட்டிய முப்பது வருஷத்துச் சங்கக் காணிக்கை ரசீதும் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, ஒரு வருஷம்கூட நிலுவை இல்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள். பார்த்தீர்களா, நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கேடயம் செய்கிற வேலை இதுதான்.

பெரியம்மாவின் கணக்கை யாராவது எண்ணினார்களா? என் அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷம் என்னையும் தம்பியையும் வைத்துச் சோறு போட்டவர் அவர். தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் சுக்கும் கருப்பட்டியும் பெரியம்மா வீட்டிலிருந்துதான் போகும். அடுப்படியில் பழைய பால்பவுடர் டப்பா ஒன்று இருக்கிறது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை. இந்தத் தலைமுறைக்கு அது என்னவென்றே தெரியாது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை அசரியாவும் மற்றவர்களும் தொடங்கியபோது இந்திய மனிதர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்றார்கள். அந்த இந்தியப் பணம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? கேடயம் வாங்கியவர்களிடமிருந்து மட்டுமா? பெரியம்மாவைப் போன்றவர்கள் தங்கள் வயிற்றிலிருந்து பிடி பிடியாக எடுத்துக் கொடுத்ததும் அதில் இருக்கிறது. அந்த அரிசியை எண்ணிப் பாருங்கள், முடிந்தால்.

பண்டிகைக்கு முந்தின இரவு, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கான பந்தலில் இரண்டு மணி வரை உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தவர் பெரியம்மா. மறுநாள் அசனத்துக்கு அவர் இருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் என்னை ஆட்டோ பிடிக்கச் சொன்னார். எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து நாங்கள் இருவரும் பழைய சோறும் துவையலும் சாப்பிட்டோம்.

இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் சபைகளில் தேர்தல் வந்தால் என்ன நடக்கிறது? இரண்டு அணி, இரண்டு சாப்பாட்டு ஏற்பாடு, இரண்டு வக்கீல். கூடப்பிறந்தவர்கள் ஒரே கோவிலில் வேறு வேறு வாசல் வழியாக வெளியே போகிறார்கள். "நீங்கள் ஒருவரையொருவர் கடித்துப் பட்சித்தீர்களானால் அழிவீர்கள்" என்பதும் அதே கலாத்தியர் ஐந்தில், கனியைச் சொல்வதற்கு ஏழு வசனம் முன்னால்தான் இருக்கிறது. அதைப் பண்டிகைச் செய்திக்கு எடுக்க யாருக்காவது துணிச்சல் உண்டா? மாட்டார்கள். அதைக் கேட்க வேண்டியவர்கள் முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையில்லாத கிழவி பின்பெஞ்சில் இருக்கிறாள், அவளைச் சொன்னால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

கொஞ்சம் அதிகமாகிவிட்டது. எடுக்க மனமில்லை, இருக்கட்டும்.

இன்று காலை பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். வீடியோவைப் பற்றியும், கமிட்டிக்குக் கடிதம் எழுதப்போவதைப் பற்றியும் பேச்செடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "தம்பியிடம் பேசினாயா ஐயா?" என்றார். இரண்டு வருஷமாக இதே கேள்விதான். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. ஒன்றரை அடி நிலம். அது வேறு கதை, இங்கே எழுத ஒன்றுமில்லை. "அவன்தானே பெரியம்மா முதலில்..." என்று நான் ஆரம்பித்தேன்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். எனக்கும் சேர்த்து அரிசி அளந்தார். உலையில் போடும் முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்தார். பண்டிகையில் கொட்டிக் கொடுத்துவிட்டதால் டப்பா காலி. அரிசி தகரத்தில் விழுந்த சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது.