சடையமங்கலத்துக்கு மட்டுமா ஜடாயு?
கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துச் சடையமங்கலம் பாறைதான், ராவணனோடு போரிட்டுச் சிறகிழந்த ஜடாயு விழுந்த இடம், மற்ற ஊர்க் கதைகள் பின்னால் வந்தவை என்று கட்டுரை அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் புனலூர்க்காரன், தென்காசியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அந்தப் பாறைமேல் இருக்கும் 200 அடி நீள ஜடாயு சிலையைக் காட்டத்தான் கூட்டிப்போவேன். பெருமை இருக்கிறது, சரி. ஆனால் ஆந்திராவின் லேபாட்சியிலும் இதே கதை உண்டு. காஞ்சிபுரம் பக்கம் திருப்புட்குழியில் ராமர் ஈமக்கடன் செய்ததாகத் தலபுராணம். வைத்தீஸ்வரன் கோயிலுக்குள், ஜடாயுவைத் தகனம் செய்த இடம் என்று சொல்லப்படும் ஜடாயு குண்டமே இருக்கிறது. வால்மீகியோ, ஜடாயுவைத் தகனம் செய்தபின் ராமரும் லட்சுமணரும் கோதாவரியில் நீர்க்கடன் கொடுத்தார்கள் என்கிறார். கோதாவரி எங்கே, கொல்லம் எங்கே! அப்புறம், மேலே பின்னூட்டத்தில் ஒருவர் ‘தோற்ற பறவைக்கு ஏன் இவ்வளவு பெரிய சிலை’ என்று கேட்டிருக்கிறார். அந்தக் கிழப் பறவை ராவணனின் வில்லை முறித்து, தேரை நொறுக்கி, சாரதியையும் கொன்ற பிறகுதான் சிறகை இழந்தது, ஐயா.