தவழ்ந்து வந்த இளைஞனும் டாக்டர் ரூத் ஃபாவும்

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கைவிரல்கள் முக்கால்வாசி இருக்காது. முன்னால் ஒரு அலுமினியத் தட்டு. அம்மா எட்டணாவைக் கொடுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்வார். நான் தள்ளி நின்று வீசிவிட்டு ஓடி வந்துவிடுவேன். ஒருநாள் காசு தட்டுக்கு வெளியே உருண்டுவிட்டது. அவர் கையின் ஓரத்தால் அதைத் தரையோடு தள்ளித் தள்ளித் தட்டுப் பக்கம் கொண்டு வந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், எடுத்துப் போடவில்லை. அங்கே இருந்த பெரியவர்கள் யாரும் எடுத்துப் போடவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

பாகிஸ்தானில் தொழுநோயை ஒழிக்கப் பாடுபட்ட டாக்டர் ரூத் ஃபாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் காசு உருண்டதுதான் ஞாபகம் வந்தது.

1929இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். போரில் குண்டு விழுந்து வீடு போயிற்று. அப்புறம் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பி வந்து மருத்துவம் படித்தார், கத்தோலிக்கரானார், மரியாவின் இதயத்தின் புதல்வியர் சபையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உருவான சபை அது; அந்தச் சிஸ்டர்கள் துறவற உடை போடுவதில்லை. சபை அவரை இந்தியாவுக்குத்தான் அனுப்பியது. 1960இல் விசா சிக்கலால் கராச்சியில் தங்க வேண்டியதாயிற்று.

அங்கே மெக்லியோட் சாலைக்குப் பக்கத்தில் தொழுநோயாளிகளின் குடிசைப் பகுதி. மருந்து கொடுக்க ஒரு கொட்டகை. ரூத் போய் நின்றபோது, ஏறக்குறைய அவர் வயதுள்ள ஒரு பட்டாணிய இளைஞன் சேற்றிலும் அழுக்கிலும் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து உள்ளே வந்தான். ரூத்தை உலுக்கியது நோய்கூட இல்லை. ஒரு மனிதன் அப்படித் தவழ்ந்து வருவது வழக்கம்தான் என்பதுபோல அவன் வந்ததுதான். அவர் கராச்சியிலேயே தங்கிவிட்டார்.

அவரைப் ‘பாகிஸ்தானின் அன்னை தெரசா’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், சரி. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டம் அவருடைய கருணையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய மருத்துவத்தையும் மூளையையும் விட்டுவிடுகிறது. இரக்கப்படுவதோடு நிற்காமல் அடுத்த வருடமே கிளம்பி நம் வேலூருக்கு வந்தார், தொழுநோய் மருத்துவம் கற்றுக்கொள்ள. திரும்பிப் போய், மேரி அடிலெய்ட் தொழுநோய் மையத்தைக் கொட்டகையிலிருந்து ஒரு கட்டடத்துக்கு மாற்றி, முழு மருத்துவமனையாக வளர்த்தார்.

தொழுநோய் விரலைத் தின்பதில்லை. நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. அடுப்பில் சுட்டாலும் முள் குத்தினாலும் தெரியாது. அந்தக் குடிசைகளில் தூங்குகிறவர்களின் விரலை ராத்திரியில் எலி கடிக்கும், காலையில்தான் தெரியும். காயம் புண்ணாகி, புண் ஆறாமல், கடைசியில் விரல் போகும். நரம்பு கெடுவதற்கு முன்னால் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துவிட்டால் விரல் விரலாகவே இருக்கும். ஆனால் யார் கண்டுபிடிப்பது? நோயை மறைக்கிற ஜனம் ஆஸ்பத்திரிக்கு வராது. அதனால் அவர் ஊர் ஊராகத் தேடிப் போனார். பலூசிஸ்தான், வடக்கே மலைப்பிரதேசங்கள். தனியாக எத்தனை ஊருக்குப் போக முடியும்? தொழுநோய்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து நாடெங்கும் அனுப்பினார். அரசாங்கத்தையும் விடவில்லை. 1968இல் தேசிய அளவில் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. நாடு முழுவதும் 157 மையங்கள். 1996இல் பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆசியாவில் இதை முதலில் சாதித்த நாடுகளில் ஒன்று.

பணக்கார நாடு இல்லை. முஸ்லிம் நாட்டில் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி. மாத்திரையை நீண்ட காலம் விடாமல் சாப்பிட வைக்க, ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டும். இங்கேதான் துறவற வார்த்தைப்பாடு என்னவென்று எனக்குப் புரிகிறது. குடும்பத்தைத் துறந்தார் என்று நாம் உச்சுக்கொட்டுகிறோம். அவர் வாக்குக் கொடுத்தது எதையோ விடுவதற்கு மட்டும் இல்லை, போகாமல் இருப்பதற்கும்தான் என்று நினைக்கிறேன். 57 வருடம் போகவில்லை. 2017 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியிலேயே இறந்தார். பாகிஸ்தான் கொடி போர்த்தி, ராணுவ வீரர்கள் சுமந்து, அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

நம் நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் வந்தால் அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற சட்டம் 2019 வரை இங்கே இருந்தது. மாத்திரையில் குணமாகிற நோய்க்கு! ‘குஷ்டரோகி’யை இன்றும் வசவாகச் சொல்கிறோம். உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தோலில் வெளிறியோ சிவந்தோ தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட வேண்டியிருக்கும். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம்.