மூக்கைப் பிடித்து ஊட்டுவது சாமர்த்தியம் இல்லை

அந்த வீடியோவை நான் இங்கே மறுபடி பகிரப்போவதில்லை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து, மூச்சுக்காக அது வாயைத் திறக்கும்போது கரண்டியை உள்ளே தள்ளுகிற அந்த வீடியோ. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள், "எங்க வீட்லயும் இதே டெக்னிக்தான்" என்று பாராட்டுகள்.

அங்கே நான் எழுதியது இரண்டே வரி. குழந்தை அழும்போது மூச்சை வேகமாக உள்ளே இழுக்கும், வாயில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம், தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்குத்தான் இத்தனை வசவு. சரி, அங்கே இரண்டு வரியில் சொன்னதை இங்கே விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது, எங்கே உட்கார வைத்துக் கொடுப்பது, இதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் முடிவு. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப் பிரித்துச் சொல்லிவிட்டார். நானாகக் கண்டுபிடித்த புரட்சி இல்லை இது.

"முன்னாடி நல்லா சாப்பிட்டான், ஒரு வயசுக்கு அப்புறம் சாப்பிடவே மாட்டேங்கிறான்" என்று சொல்லாத வீடு இல்லை. மாட்டான்தான். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அடுத்த ஒரு வருடம் முழுக்கச் சேர்த்து ஏறுவது 2 அல்லது 3 கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. உடம்பு சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. அதை நோய் மாதிரி நினைத்து நாம் கரண்டியோடு துரத்துகிறோம்.

என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு விசேஷ வீட்டில் உறவுக்காரப் பெண்மணி அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்புதான் இருக்கு, இவளுக்கு எதுவுமே கொடுக்கிறதில்லையா?" என்று சபையில் கேட்டார். அன்று இரவு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே குழந்தை மருத்துவரிடம் ஓடினேன். அவர் வயதுக்கேற்ற எடையைக் கோடுகளாகக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தைத் திறந்து காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவாக்கியது. என் மகள் நடுக்கோட்டுக்குக் கீழே, ஆனால் தன் கோட்டை விட்டு நழுவாமல் வளர்ந்துகொண்டிருந்தாள். "ஓடி விளையாடுறாளா? அப்போ விடுங்கம்மா" என்றார் மருத்துவர். அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி முடியாது.

"எங்களையும் அடித்து ஊட்டித்தான் வளர்த்தார்கள், நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்" என்கிறீர்கள். நான் நன்றாக இல்லை. வயிறு நிறைந்த பிறகும் தட்டைக் காலி செய்யாமல் எழுந்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது. போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்கவிடாமலே வளர்ந்தவள் நான். என் மகளுக்கு அது வேண்டாம்.

"வேலைக்குப் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் எங்கே நேரம்?" இதற்கு நேரமே வேண்டாம். துரத்தி ஊட்டுவதுதான் ஒரு மணி நேரத்தைத் தின்கிறது. அரை மணி நேரம் எல்லோரோடும் உட்கார வையுங்கள், கையால் அள்ளட்டும், சிந்தட்டும். போதும் என்றால் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை இடையில் பிஸ்கட்டோ பாலோ கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டர் பால் தாராளம். அதற்கு மேல் போனால் பசியும் போகும், இரும்புச்சத்தும் குறையும். புது உணவைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகு தொடுகிற குழந்தைகள் நிறைய. அப்புறம், போனைக் காட்டி ஊட்டுவதும் திணிப்பதுதான், சத்தமில்லாமல் நடக்கிறது, அவ்வளவே. இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது.

குழந்தை எடை குறைந்தால், விழுங்கவே சிரமப்பட்டால், அடிக்கடி வாந்தி எடுத்தால், சோர்ந்தே கிடந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அதை நான் மறுக்கவே இல்லை. அந்த மருத்துவரும் மூக்கைப் பிடிக்கச் சொல்லமாட்டார்.

அந்த வீடியோவில் இன்னொன்றை யாராவது கவனித்தீர்களா? கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னும் முடிக்கலையா நீ?" என்கிறது. அது குழந்தையைக் கேட்கவில்லை, அந்த அம்மாவைக் கேட்கிறது. குழந்தை ஒல்லியாக இருந்தால் கேள்வி அம்மாவுக்கு. சளி பிடித்தால் அம்மாவுக்கு. எந்த அப்பாவைச் சபையில் நிறுத்தி "எதுவும் கொடுக்கிறதில்லையா" என்று கேட்டிருக்கிறோம்? அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவள் கையை ஓங்க வைத்தது அந்தக் குரல். நீங்கள் அவளுக்காகப் பேசுவதாக நினைத்து என்னைத் திட்டுகிறீர்கள். அவளுக்காகப் பேசியவள் நான்.

கடைசியாக ஒன்று. "குழந்தை பெத்திருந்தா தெரியும்" என்று எழுதியவருக்கு. எனக்குக் குழந்தை இருக்கிறாள், அதனால் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் என் நட்புப் பட்டியலில் பல வருடங்களாகச் சிகிச்சையில் இருக்கும் தோழிகள் இருக்கிறார்கள். அவர்களும் அதைப் படித்திருப்பார்கள். என்னைத் திட்டியதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடுங்கள்.