வழுக்கியது ஷூ இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை நம் பாட்மிண்டன் ஷெட்டின் இரண்டாம் கோர்ட்டில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அண்ணனுக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனும் சொல்லிவிட்டது. எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: "நல்ல ஷூ போட்டு வந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார்." அதற்குக் கீழே பதினோரு கட்டைவிரல்கள். அதில் நான்கு பேராவது அண்ணன் வாங்கி வந்த ஷட்டிலில் ஓசியில் ஆடியவர்கள்.

அவர் போட்டிருந்தது உள்ளரங்கத் தரையில் ஆடுவதற்கான நான்-மார்க்கிங் ஷூ. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பில் வேண்டுமானால் தருகிறேன். வழுக்கியது ஷூ இல்லை, தரை.

வலைக்குக் கிட்டே, முன் சர்வீஸ் கோட்டுப் பக்கம், தரையில் விரித்திருக்கும் மேட் என்ற விரிப்பின் சொரசொரப்பு தேய்ந்து மழமழவென்று ஆகி எத்தனை மாதம் ஆகிறது? அதிகாலையில் தகரக் கூரையில் பனி கோத்துச் சொட்டுவது யாருக்குத் தெரியாது? சொட்டிய இடத்தை பினாயில் தோய்த்த மாப்பால் ஓர் இழுப்பு இழுப்பார்கள். காய்வதற்குள் ஆறு மணி ஆட்கள் இறங்கிவிடுவோம். வலையோரம் மெல்ல விழுந்த ஒரு டிராப் ஷாட்டை எடுக்க அண்ணன் பாய்ந்து முன்காலை ஊன்றினார். ஊன்றிய இடத்தில் கால் நிற்கவில்லை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

வாசலில் 'சர்வதேசத் தரம்' என்று பலகை இருக்கிறது. சர்வதேசப் போட்டி நடக்கும் அரங்கில் மேட்டுக்கு அடியில் மரத்தளம் இருக்கும். மரத்துக்கு அடியில் சட்டங்கள், ரப்பர் கட்டைகள், கொஞ்சம் காற்று இருக்கும். குதித்து இறங்கும்போது தரை சற்று அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நம் ஷெட்டில் மேட்டுக்கு அடியில் நேராக சிமெண்ட். சர்வதேசத் தரத்தில் இருப்பது 13.40 மீட்டர் நீளமும் 6.10 மீட்டர் அகலமும் மட்டும்தான். அதுவும் கோடு மேட்டிலேயே அச்சாகி வந்துவிடுவதால்.

"அப்படியானால் நன்றாகப் பிடிக்கிற தரையாகப் போட்டுவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் ஆபத்துதான், ஐயா. உள்ளரங்கத் தரைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 14904, ஊசலைத் தரையில் உரசவிட்டுப் பார்க்கும் சோதனையில் உராய்வு அளவு 80 முதல் 110 வரை இருக்கவேண்டும் என்கிறது. குறைந்தால் வழுக்கும். கூடினால் பாதம் ஒட்டிக்கொள்ள, உடம்பு திரும்ப, நடுவில் முழங்கால் மாட்டிக்கொள்ளும். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து இதை அளந்திருக்கிறார்கள். நம் ஊரில் அளப்பதற்கு அண்ணனின் கால் தேவைப்பட்டிருக்கிறது.

நான் பள்ளியில் செம்மண் கோர்ட்டில் ஆடியவன். சுண்ணாம்புக் கோடு, இரண்டு சவுக்குக் கம்பு, பாதி கிழிந்த வலை. எத்தனை முறை விழுந்திருப்பேன்! தோல் உரியும், தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். வேலை கிடைத்து, காசு கொடுத்து ஷெட்டில் ஆட ஆரம்பித்த இரண்டாம் வருடம் குதிகால் வலி வந்தது. "எந்தத் தரையில் ஆடுகிறீர்கள்?" என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. ஷூவைப் பற்றி அப்புறம்தான் கேட்டார்.

"நாங்கள் சிமெண்டில் ஆடி வளரவில்லையா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு: வளர்ந்தீர்கள். இப்போது முழங்காலில் பெல்ட் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்கோர் சொல்கிறீர்கள்.

"பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே ஸ்பெயின் வீராங்கனை கரோலினா மாரின் அரையிறுதியில் முன்னிலையில் இருக்கும்போது முழங்கால் போகவில்லையா?" போனது. 2024இல் உலகமே பார்த்தது. அவ்வளவு நல்ல தரையிலேயே போகிறது என்றால் நம் தரையில் என்ன ஆகும் என்று யோசிக்காமல், அதையே சாக்காகச் சொல்கிறீர்களே!

மரத்தளம் கட்டுப்படியாகாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். செலவு அதிகம், மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும், கரையானும் வரும். நான் மரம் கேட்கவில்லையே. தேய்ந்த மேட்டை மாற்றுங்கள், கூரை சொட்டாமல் பாருங்கள், காய்ந்த மாப் ஒன்று வாங்குங்கள் என்றுதான் கேட்டேன். மணிக்கு நானூறு ரூபாய் வாங்கும் இடத்தில் ஒரு மாப்!

2019இல் குவாஹாட்டியில் தேசியப் போட்டி. தளத்தில் பலகை பெயர்ந்து ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. சாய்னா நேவால் கோர்ட்டைப் பார்த்துவிட்டு இதில் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் இறுதியாட்டத்தில் சிந்துவை வென்று பட்டமும் வாங்கினார். சாய்னா மறுத்தால் ஏற்பாட்டாளர்கள் ஓடி வருவார்கள். நாம் மறுத்தால் நம் நேரத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவான்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. மேட் தேய்ந்ததை ஐப்பசியிலேயே பார்த்தவன் நான். ஒருமுறை சொன்னேன், "பார்க்கலாம் சார்" என்றார்கள், விட்டுவிட்டேன். காலை ஆறு மணி நேரம் கைவிட்டுப் போய்விடக்கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். அண்ணனின் மகள் மருத்துவமனையில், "அங்கே தரை சரியில்லை என்று உங்களுக்கு முன்பே தெரியுமா, சித்தப்பா?" என்று கேட்டாள். கேன்டீனுக்குப் போய் காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

பதினொரு பேரில் ஒருவர்கூட இதுவரை போய்ப் பார்க்கவில்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, தரையும் வழுக்காது.

அட்வான்ஸ் பணத்தை நான் திருப்பிக் கேட்கப்போவதில்லை. என் ராக்கெட் பையும் அண்ணனின் வலதுகால் ஷூவும் இன்னும் ஷெட்டில் ஜன்னலோரம்தான் இருக்கின்றன. போகிறவர்கள் யாராவது எடுத்து வந்து கொடுங்கள். ஷூவின் அடிப்பகுதியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.