பத்திரம் யார் கையில்?

சென்ற மாதம் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு நிதி திரட்டும் விருந்து. சாப்பாடு பிரமாதம், அதைச் சொல்லிவிட வேண்டும். திரையில் தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் எடுத்த படங்கள் ஓடின: வரிசையாகத் தையல் இயந்திரங்கள், அவற்றின் பின்னால் இலங்கையிலிருந்து வந்த நம் பெண்கள். இத்தனை இயந்திரங்கள், இத்தனை பேருக்குப் பயிற்சி என்று ஏற்பாட்டாளர் கணக்குச் சொல்லச் சொல்ல நாங்கள் கை தட்டினோம். நானும் ஐம்பது வெள்ளி கொடுத்தேன். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறுத்தியது. தைத்துச் சம்பாதிக்கிற காசு யார் பெயரில் உள்ள கணக்கில் விழுகிறது? மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தையல் இயந்திரத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பெண்கள் முன்னேற்றம் என்றதும் நம் அமைப்புகளுக்குத் தையலும் ஊறுகாயும்தான் நினைவுக்கு வருகின்றன. படம் எடுக்க வசதியானவை, அதனால் இருக்கலாம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்காக ஒருத்தி ஏழாவது தடவை அலுவலகப் படி ஏறுவதைத் திரையில் போட்டால் யார் கை தட்டப்போகிறார்கள்?

அகதிக்கு முதல் காவல் அந்தச் சான்றிதழ்தான். சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் ஒப்பந்தம், ஒருவரை அகதியாக ஏற்க இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என ஐந்து காரணங்களைச் சொல்கிறது. பெண்ணாக இருப்பதால் நேரும் கொடுமை அதில் தனியாக இல்லை. சமூகக் குழு என்ற சொல்லுக்குள் அதை வாதாடித்தான் கொண்டுவர வேண்டும். அந்த ஒப்பந்தத்தில்கூட இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் சேரவில்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் சட்டம் செய்ய வேண்டியதில் பெரும்பங்கு அமைப்புகளின் தலையில் விழுகிறது. 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நான் மதிப்பது இதனால்தான். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு, குடியுரிமைத் தாள் என்று ஆரவாரமில்லாத வேலைகளில் அவர்கள் இறங்கினார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கான மாத உதவியை உயர்த்தியபோது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் எத்தனை முகாம் வீடுகளில் பெண்ணின் பெயர் இருக்கிறது? குடிக்கிற கணவனை விட்டு விலக நினைப்பவளுக்கு ஆறு மாதத் தையல் வகுப்பு முக்கியமா, பெயர் பிரித்து எழுதிய தனி அட்டை முக்கியமா? நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் இனி இதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.

சரி, முகாமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், இங்கே அகதிகள் ஏது என்பீர்கள். செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் சாலை முகாம் இருந்தது பலருக்கு மறந்தே போயிற்று. 1978 முதல் 1996 வரை படகில் வந்த வியட்நாமியர்கள் அங்கே தங்கி, வேறு நாடுகளுக்குப் போனார்கள். அதன் பிறகு அகதி என்ற பெயரில் நாம் யாரையும் ஏற்பதில்லை. வேறு பெயரில் வருகிறார்கள்.

என் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண் மியன்மார்க்காரர். வயது 26. 2024 பிப்ரவரியில் அந்நாட்டு ராணுவ ஆட்சி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அந்தச் செய்தி வந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாதான் கவனித்தார். நம் தாள்களில் அவர் அகதி அல்லர், வேலை அனுமதி பெற்ற தொழிலாளி. அனுமதி ரத்தானால் ஊருக்குத்தான் விமானம். அப்படிப்பட்டவர் ஒரு வீட்டில் அடி வாங்கினால்கூட வாய் திறப்பாரா? அந்த நிலையில் கதவைத் தட்ட, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் 'ஹோம்' போன்ற ஓர் அமைப்பின் காப்பகம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! பணிப்பெண்களுக்கு வார ஓய்வுநாள் 2013இல் வந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற விதி 2023இல்தான் வந்தது. அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்த விஷயம் இது.

இப்போது என் குட்டு. அந்தப் பெண்ணின் கடப்பிதழ் இரண்டு ஆண்டுகளாக அம்மாவின் இரும்பு அலமாரியில், நகைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. "பத்திரமாக இருக்கட்டுமே" என்றார் அம்மா. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது இங்கே குற்றம் என்று தெரிந்தும் சொல்லவில்லை. முகாம் பெண்ணின் காசு யார் கையில் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கவலைப்பட்டவள் நான்தான்.

விருந்து முடிந்து வந்த இரவே அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். "பாட்டிக்குக் கோபம் வராதா?" என்று கேட்டார். அம்மா தொலைக்காட்சியிலிருந்து பார்வையைத் திருப்பவில்லை. அந்தப் பெண் கடப்பிதழைப் புரட்டி ஒரு பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். காலாவதியாக ஏழு மாதமே இருந்தது. நகைப் பெட்டியை அத்தனை முறை திறந்து மூடிய எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தத் தேதியைப் பார்த்திருக்கவில்லை.